தண்ணீர்ப் படகிலிருந்து மின்கம்பி வரை: இராக் – குவைத் கொடுக்கல் வாங்கல்

முன்னொரு காலத்தில் குவைத் நகரத்து மக்கள் குடித்த தண்ணீர் இராக்கிலிருந்து வந்தது. குவைத்தில் ஆறு கிடையாது. கிணறுகள் ஊறிய அளவு, பெருகி வரும் மக்கள்தொகைக்குப் போதவில்லை. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முத்துக் குளித்தும் கடல் வாணிபம் செய்தும் வாழ்ந்த அம்மக்கள், பாய்மரக் கப்பல்களை வடக்கே அனுப்பினார்கள். திஜ்லாவும் ஃபுராத்தும் கலந்து ஓடும் ஷத்துல் அரபில் அவை நன்னீரை நிரப்பிக்கொண்டு திரும்பின. கரையில் இறங்கிய நீர், தோல்பைகளில் வீடு வீடாக விற்கப்பட்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் 1950களின் தொடக்கத்தில் வரும் வரை இதுவே வழக்கம்.

இன்று ஓட்டம் எதிர்த்திசையில் அமைந்திருக்கிறது. குவைத்தின் தெற்கிலுள்ள வஃப்ராவிலிருந்து இராக்கின் ஃபாவ் வரை மின்கம்பி இழுத்து, வளைகுடா நாடுகளின் கூட்டு மின்வலையிலிருந்து 500 மெகாவாட் மின்சாரம் தருவதற்கு 2022ஆம் ஆண்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கான நிதியுதவியில் குவைத் அரபுப் பொருளாதார வளர்ச்சி நிதியமும் பங்கேற்றது.

தண்ணீர் போன பாதையில் மின்சாரம் திரும்பி வருவதற்குள் நடந்தவை சாதாரணமானவை அல்ல. ஓர் ஆக்கிரமிப்பு, எரிந்துபோன எண்ணெய் வயல்கள், காணாமற்போன மனிதர்கள், முப்பது ஆண்டுகள் கட்டி முடிக்கப்பட்ட நஷ்டஈடு. இவ்வரலாற்றை இங்கே எழுத நம்மைத் தூண்டியது மத்ரஸாவில் ஒரு மாணவர் கேட்ட கேள்வி. "இரண்டும் முஸ்லிம் நாடுகள்தானே உஸ்தாத்? சகோதரர்களுக்குள் எதற்கு நஷ்டஈடு? மன்னித்துவிட்டுப் போயிருக்கலாமே?" அன்று வகுப்பு முடியும் நேரமாகிவிட்டது. ஓரிரு வார்த்தைகளில் சொல்லி முடிக்கும் விடையும் அதற்கு இல்லை.

1961 ஜூனில் குவைத், பிரிட்டனுடன் 1899இல் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து விடுபட்டுச் சுதந்திர நாடானது. சில நாட்களிலேயே இராக்கின் ஆட்சியாளர் அப்துல் கரீம் காசிம், குவைத் இராக்கின் ஒரு பகுதி என்று உரிமை கோரினார். முதலில் பிரிட்டிஷ் படையும், பின்னர் அரபு லீக் அனுப்பிய படையும் குவைத்தில் நிறுத்தப்பட்டன. காசிம் 1963 பிப்ரவரியில் வீழ்த்தப்பட்டார். அவ்வாண்டு அக்டோபரில் புதிய இராக் அரசு குவைத்தின் சுதந்திரத்தை ஏற்றுக் கையெழுத்திட்டது. அதையொட்டி குவைத் இராக்குக்கு 3 கோடி தினார் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அடுத்த ஆண்டில் ஷத்துல் அரபிலிருந்து குவைத்துக்குக் குழாய் வழியே நன்னீர் தருவதாக ஓர் உடன்பாடும் ஏற்பட்டது. கடன் போய்ச் சேர்ந்தது. தண்ணீர் வந்து சேரவில்லை. குவைத் தன் கடல்நீர் ஆலைகளையே நம்பி வளர்ந்தது.

1980இல் இராக்குக்கும் ஈரானுக்கும் போர் மூண்டது. எட்டு ஆண்டுகள் நீடித்த அப்போரில் குவைத் இராக்குக்குப் பெரும்பணம் கொடுத்தது. சவூதியும் குவைத்தும் பங்கிட்டுக்கொள்ளும் நடுநிலைப் பகுதியின் எண்ணெயில் ஒரு பங்கை விற்று, அத்தொகையையும் இராக்கின் கணக்கில் சேர்த்தார்கள். குவைத்தின் துறைமுகங்கள் இராக்குக்குச் சரக்கு இறங்கும் வாசலாயின. இதன் காரணமாகவே குவைத்தின் எண்ணெய்க் கப்பல்கள் ஈரானின் தாக்குதலுக்கு ஆளாகி, 1987இல் அமெரிக்கக் கொடியின்கீழ் ஓட வேண்டிய நிலை வந்தது.

அதே காலத்தில் நடந்த இன்னொரு செயல் பலருக்கும் தெரியாது. இராக்கின் ருமைலா எண்ணெய் வயலில் எண்ணெயோடு சேர்ந்து வெளிவரும் எரிவாயுவை, சுமார் 170 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் வழியாகக் குவைத்தின் அஹ்மதிக்குக் கொண்டுவந்தார்கள். நாளொன்றுக்கு 40 கோடி கன அடி வாயுவைக் கடத்தும் திறன் அக்குழாய்க்கு இருந்தது. அவ்வாயு குவைத்தின் மின்நிலையங்களிலும் எரிவாயு ஆலைகளிலும் பயன்பட்டது. காற்றில் எரித்து வீணாக்க வேண்டிய ஒரு பொருள், ஒரு நாட்டுக்கு வருமானமாகவும் மறுநாட்டுக்கு விளக்காகவும் ஆனது. இரு அண்டை நாடுகளுக்கிடையே இதைவிட இயல்பான பங்காளித்துவத்தை நாம் கற்பனை செய்வது கடினம். 1990 ஆகஸ்டு வரை அது ஓடியது.

போர் முடிந்த 1988இல் இராக் கடனில் மூழ்கியிருந்தது. குவைத் கொடுத்த தொகை கடனா, உதவியா என்பதில்தான் சிக்கல் தொடங்கியது. 'கடன்' என்றது குவைத். 'அரபு உலகம் முழுமைக்குமாக நாங்கள் இரத்தம் சிந்தினோம். அதற்காக நீங்கள் தந்ததைக் கடன் என்று எண்ணுவது எப்படி?' என்ற பொருளில் பேசினார் சதாம் ஹுசைன். குவைத் தன் பங்குக்கு மேல் எண்ணெய் எடுத்து விலையைச் சரியச் செய்கிறது என்பது அவருடைய அடுத்த குற்றச்சாட்டு. ருமைலாவிலிருந்து 240 கோடி டாலர் மதிப்புள்ள எண்ணெயைத் திருடிவிட்டது என்பது மற்றொன்று.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது என்று பிள்ளைகளிடம் கேட்பதுண்டு. அது தொழுகை பற்றியதோ நோன்பு பற்றியதோ அன்று. கடன் கொடுக்கும்போது எழுதி வைப்பதும் சாட்சி வைப்பதும் பற்றியது. சூரா அல்பகராவின் 282ஆம் வசனம். தவணையையும் குறித்து, எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்கிறது அது. அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்ற பெருந்தன்மை நம் வீடுகளில் எத்தனை உறவுகளை முறித்திருக்கிறது என்பது நம் அனைவருக்கும் தெரியும். இங்கே அது இரு அரசுகளுக்கிடையே நடந்தது. ஆயினும் கடன் தகராறு எதுவும் ஒரு நாட்டை விழுங்குவதற்கு நியாயமாகாது. 1990 ஜூலை இறுதியில் ஜித்தாவில் தொடங்கிய பேச்சுவார்த்தை ஆகஸ்டு 1ஆம் தேதி முறிந்தது. மறுநாள் அதிகாலை இராக்கியப் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன.

நமக்கு அப்போது பத்து வயதுகூட நிறையவில்லை. சபுராளிகள் மிகுந்த தெரு நம்முடையது. எந்த வீட்டிலும் அடுப்பு சரியாக எரியாத நாட்கள் அவை. ஒவ்வொரு மஃரிபுக்குப் பின்னும் வானொலிச் செய்தி கேட்க ஒரே திண்ணையில் கூட்டம் கூடும். குவைத்திலிருந்த இந்தியர்கள் பேருந்துகளில் பக்தாத் வழியாக ஜோர்டானுக்குப் போய், அம்மானிலிருந்து விமானத்தில் பம்பாய் வந்தார்கள். இரண்டு மாதங்களில் ஏர் இந்தியா ஏறத்தாழ 1,70,000 பேரை மீட்டுக் கொண்டுவந்தது. எதிர்வீட்டு மாமா ஒற்றைப் பையோடு வந்து இறங்கினார். பதினோரு ஆண்டுச் சம்பாத்தியத்தில் மிஞ்சியது அப்பைதான் என்று மாமி சொல்லி அழுதது நினைவிருக்கிறது.

1991 பிப்ரவரி இறுதியில் இராக்கியப் படை வெளியேற்றப்பட்டது. போகும்போது 600க்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்துச் சென்றது. நண்பகலிலும் வானம் இருண்டு கிடந்தது. கடைசிக் கிணற்றை அணைக்க நவம்பர் 6 வரை ஆயிற்று. வழிந்த எண்ணெய் பாலைவனத்தில் ஏரி ஏரியாகத் தேங்கியது. காணாமற்போனோர் என்று குவைத் கொடுத்த பட்டியலில் 605 பெயர்கள் இருந்தன.

மாணவர் கேட்ட நஷ்டஈடு இங்கேதான் வருகிறது. 1991இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம், இராக் தன் ஆக்கிரமிப்பால் விளைந்த இழப்புகளுக்குப் பொறுப்பு என்று தீர்மானித்து, ஜெனீவாவில் இழப்பீட்டு ஆணையத்தை அமைத்தது. இராக் விற்கும் எண்ணெயின் வருமானத்தில் ஒரு பகுதி அந்த ஆணையத்துக்குச் செல்லும். சுமார் 27 இலட்சம் கோரிக்கைகள் வந்தன. கேட்கப்பட்ட மொத்தத் தொகை 35,250 கோடி டாலர். ஆராய்ந்து ஏற்கப்பட்டது 5,240 கோடி டாலர். கேட்டதில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதல். தனி ஒரு கோரிக்கையாக மிகப் பெரியது குவைத் எண்ணெய்க் கழகத்தினுடையது. தீயினால் எண்ணெய் எடுக்கவும் விற்கவும் முடியாமற்போனதற்காக 1,470 கோடி டாலர்.

அந்த ஆணையத்தின் நடைமுறையில் ஒன்றை நாம் மனதாரப் பாராட்டுகிறோம். பெரும் நிறுவனங்களையும் அரசுகளையும் பின்னால் நிறுத்திவிட்டு, தனிமனிதர்களின் கோரிக்கைகளை முதலில் தீர்த்தது. குவைத்தையோ இராக்கையோ விட்டு ஓட நேர்ந்தவருக்கு ஆளுக்கு 2,500 டாலர். வேறு எந்தப் பிரிவிலும் கோரமாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் 4,000. குடும்பமாக விண்ணப்பித்தவருக்கு 5,000 அல்லது 8,000. நிலையான தொகை, நீண்ட விசாரணை இல்லை. வீட்டு வேலை செய்த பெண்ணும் பொறியாளரும் ஒரே வரிசையில் நின்றார்கள். நம் நாட்டவரின் மனுக்கள் அரசு வழியாக ஜெனீவாவுக்குப் போயின. எதிர்வீட்டு மாமாவுக்கும் அந்தப் பணம் சில ஆண்டுகள் கழித்து வந்தது. மூத்த மகளின் நிக்காஹ் அதைக்கொண்டுதான் நடந்தது. அது பாக்தாதிலிருந்து வந்த பணம் என்று அன்று தெருவில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்த்திருந்தால் மகிழ்ச்சியில் ஒரு முள்ளும் இருந்திருக்கும். 1990 ஆகஸ்டிலிருந்தே இராக் மீது கடும் பொருளாதாரத் தடை. மருந்தும் உணவும் தட்டுப்பாடு. எண்ணெய்க்கு உணவு என்னும் திட்டத்தின்கீழ் 1996 இறுதியில்தான் எண்ணெய் விற்க வழி பிறந்தது. அப்படி விற்ற தொகையிலும் 30 விழுக்காடு இழப்பீட்டுக்குப் போனது. பக்தாதில் ஐ.நா.வின் மனிதநேயப் பணிகளை நடத்திய டெனிஸ் ஹாலிடே, மக்கள் படும் துன்பத்தைக் காணச் சகியாமல் 1998இல் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இல் அவ்வாறே விலகினார். அவ்வாண்டு டிசம்பரில் 30 விழுக்காடு 25 ஆகக் குறைக்கப்பட்டு, மிச்சமான தொகை இராக்கின் மிக நலிந்த மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. சதாம் வீழ்ந்த பின், 2003 மே மாதத்தில் அது 5 ஆனது.

மாணவரின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: சதாம் செய்த பிழைக்கு, அவரைத் தேர்ந்தெடுக்காத ஒரு பஸ்ராக் குழந்தை ஏன் கட்ட வேண்டும்? ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. ஆனால் கடன் விட்டுப்போகும் ஒன்றும் அன்று. ஜனாஸா கொண்டுவரப்பட்டால், இவருக்குக் கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்த செய்தி நாம் அறிந்ததே. ஃபிக்ஹில் இவ்விரண்டும் சந்திக்கும் இடம் வாரிசுரிமைப் பாடம். இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து முதலில் கடன் தீர்க்கப்படும், பிறகுதான் பங்கீடு. ஆனால் சொத்தை விஞ்சிய கடனுக்காக வாரிசின் சொந்தப் பொருளில் கை வைக்க முடியாது. இதை ஓர் அரசுக்கு அப்படியே பொருத்திவிட இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அரசு சாவதில்லை, எண்ணெய் தினமும் ஊறுகிறது. ஆயினும் நம் சிற்றறிவுக்கு எட்டிய வரையில், 30 என்பது வாரிசின் தட்டிலிருந்து எடுத்தது. 5 என்பது விட்டுச்சென்ற சொத்திலிருந்து எடுத்தது. சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுங்கள் என்ற இறைக்கட்டளை, 1996இல் பேசப்பட்டிருக்க வேண்டியது.

அந்த அவகாசம் பின்னாளில் கிடைத்தது; அதைக் கொடுப்பதில் குவைத்துக்கும் பங்குண்டு. தாஇஷ் கும்பல் 2014இல் மூஸிலைக் கைப்பற்ற, எண்ணெய் விலையும் சரிய, இராக்கால் கட்ட முடியவில்லை. அப்போது நிலுவை 460 கோடி டாலர்; முழுவதும் குவைத்துக்குச் சேர வேண்டியது. அவ்வாண்டு அக்டோபரில் தவணை நிறுத்திவைக்கப்பட்டது. 2018இல் அரை விழுக்காட்டில் மீண்டும் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தது.

2018 பிப்ரவரியில், மூஸில் மீட்கப்பட்டு ஏழே மாதங்களில், இராக்கை மீளக் கட்டுவதற்கான பன்னாட்டு மாநாடு குவைத்தில் கூடியது. மாநாட்டுக்கு அழைத்தவர் அமீர் ஷேக் ஸபாஹ் அல் அஹ்மத். 1963இல் இராக் குவைத்தை ஏற்றுக் கையெழுத்திட்ட ஆண்டிலேயே வெளியுறவு அமைச்சராகி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தவர் அவர். முதல் கடனையும் ஆக்கிரமிப்பையும் கண்ட அதே மனிதர், எண்பத்தெட்டு வயதில், இராக்குக்காக உலகத்திடம் கேட்டு நின்றார். தேவை 8,800 கோடி டாலர் என்றது இராக். வாக்களிக்கப்பட்டது 3,000 கோடி. அதில் பெரும்பகுதி நன்கொடை அன்று. கடனும் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதமும். குவைத் சொன்ன 200 கோடியில்கூடப் பாதி, கடன், பாதி, முதலீடு. மாநாட்டுப் பந்தலில் அறிவிக்கப்படும் தொகைகளை நாம் எப்போதும் சற்றே சந்தேகத்தோடு பார்ப்பவர்கள். என்றாலும், வெந்துபோன வீட்டின் சொந்தக்காரரே தீ வைத்தவரின் வீட்டைக் கட்ட அழைப்பு விடுத்தார் என்பதைச் சிறிதாக எண்ண முடியவில்லை.

அவ்வாண்டு கோடையில் பஸ்ரா கொதித்தது. குழாயில் உப்புநீர், மின்சாரம் இல்லை. ஈரானிலிருந்து வந்த மின்சாரமும் நின்றுபோக, மக்கள் வீதிக்கு வந்தார்கள். குவைத் நடமாடும் மின்னாக்கிகளையும் அவற்றுக்கான எரிபொருளையும் எல்லை கடந்து அனுப்பியது. 1990இல் படைகள் வந்திறங்கிய அதே நெடுஞ்சாலையின் மறுமுனைக்கு, இம்முறை சென்றவை மின்னாக்கிகள். வஃப்ரா – ஃபாவ் மின்கம்பித் திட்டத்தின் அவசியம் அந்தக் கோடையில் எவருக்கும் விளங்கியிருக்கும்.

2022 ஜனவரி 13 அன்று இராக் கடைசித் தவணையைக் கட்டியது. 63 கோடி டாலர். பிப்ரவரியில் பாதுகாப்பு மன்றம் கணக்கை மூடியது. அதே ஆண்டில்தான் மின்கம்பி ஒப்பந்தமும் வந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நாம் வலிந்து சொல்லவில்லை. ஆனால் அந்த மாணவருக்கு நாம் சொன்னது இதுதான்: நாசமானதை எண்ணி, எழுதி, கொடுத்துத் தீர்த்த பிறகு இருவரும் பேரேட்டை மூடிவிட்டுப் பேச முடிந்தது. உரிமைக்காரர் மன்னிக்கலாம், அது மேலானது. ஆனால் மன்னிக்க வேண்டியவர்கள் மன்னர்கள் மட்டும் அல்லர். வேலையும் சேமிப்பும் இழந்த பல இலட்சம் பேரின் சார்பில் குவைத்தின் அமீர் மன்னித்துவிட முடியாது. அது அவர்களுடைய ஹக்.

எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. போர்க்காலத்தில் கொடுத்த அந்தப் பழைய தொகை, கடனா உதவியா என்ற தகராறு, நஷ்டஈட்டுக் கணக்கில் சேராமல் தனியே நிற்கிறது. 2004இல் பாரிஸ் கிளப் நாடுகள் தங்களுக்கு இராக் தர வேண்டிய கடனில் 80 விழுக்காட்டைத் தள்ளுபடி செய்தன. குவைத் அக்குழுவில் இல்லை. கவ்ர் அப்துல்லாஹ் நீர்வழியில் கப்பல் போக்குவரத்து பற்றி 2012இல் இரு நாடுகளும் செய்த உடன்பாட்டை ஏற்ற சட்டம் செல்லாது என்று 2023 செப்டம்பரில் இராக்கின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காணாமற்போன 605 பேரில் எல்லோருடைய எலும்புகளும் இன்னும் ஊர் திரும்பவில்லை. எந்த ஆணையமும் தொகை குறிக்க முடியாத கணக்கு அது.

ருமைலா – அஹ்மதி எரிவாயுக் குழாய் மறுபடியும் பேச்சில் அடிபட்டதுண்டு. 2017இல் மீதமிருந்த 460 கோடியைப் பணமாக அல்லாமல் எரிவாயுவாகத் தரலாம் என்று இரு அரசுகளும் பேசின. அது நிறைவேறவில்லை; பணமாகவே கட்டி முடிந்தது. பஸ்ராவின் எண்ணெய் வயல்களில் அந்த வாயுவின் பெரும்பங்கு ஆண்டுக்கணக்காக இரவும் பகலும் காற்றில் எரிந்துகொண்டிருந்தது. இராக் தன் மின்நிலையங்களுக்கு ஈரானிடமிருந்து வாயு வாங்கியது. குவைத் 2009 முதல் தூரதேசங்களிலிருந்து கப்பலில் திரவ எரிவாயு வாங்கத் தொடங்கியது. அதற்கென அல்ஸூரில் ஒரு பெரிய இறக்குமதி முனையத்தையும் கட்டியிருக்கிறது. ருமைலாவுக்கும் அஹ்மதிக்கும் இடையிலான தூரம் அதே 170 கிலோமீட்டர்தான்.